காற்று விழுந்த காலை

பால் பானையை மின்னடுப்பில் வைத்தபோது மணி ஏழு ஐந்து. ஏழு ஐம்பதுக்குள் பொங்கி வழிய வேண்டும். பஞ்சாங்கம் தந்த சுபநேரம் அவ்வளவுதான்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். நாங்கள் குடியேறிய இந்தக் குளிர் நாட்டின் புக்கெகோஹி என்ற ஊரில், முட்டைக்கோசு விளைந்த பழைய கோவா வயல் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற காணியில் எழுந்த வீடு. எங்கள் தெருவில் முதலில் குடிவருவது நாங்கள்தான். பக்கத்து வீடுகளுக்கு இன்னும் கூரைகூடப் போடவில்லை. வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது.

வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். வராதவர் ஒரே ஒருவர். அவர்தான் வீட்டுக்காரர்.

என் கணவர் சிவனேசனுக்கு, நாடு முழுவதற்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு விடும் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நாளைக்கு எவ்வளவு காற்று வீசும், காற்றாலைகளில் இருந்து எவ்வளவு மின்சாரம் வரும் என்று இன்றைக்கே கணித்துச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு வருகிற முதல் குளிர்காலம் இது. காற்று வீசும் என்று நேற்றுச் சொல்லியிருந்தார்.

காற்று வீசவில்லை. இந்த ஊரில் குளிர் கடுமையாக இறங்கும் காலைகளில் காற்றும் சேர்ந்து விழுந்துவிடும். எல்லோரும் ஹீட்டரைப் போடுவதும் அதே காலையில்தான்.

விடுமுறையில் நின்ற மனிதரை ஐந்தரைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். சப்பாத்தைக்கூட ஒழுங்காகக் கட்டாமல் ஓடினார், பாவம். ஆறரைக்கு எல்லோருடைய போனிலும் அறிவிப்பு வந்தது. ஏழில் இருந்து ஒன்பது மணி வரை மின்சாரத்தைக் குறைத்துப் பாவியுங்கள், இல்லாவிட்டால் சில இடங்களில் நிறுத்த வேண்டி வரலாம்.

நிறுத்தினால் பழி அவர் தலையில்தான் விழும்.

எங்கள் வீட்டிலோ நான்கு ஹீட்டர், இரண்டு சோற்றுக் குக்கர், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற பெரிய பாத்திரம், பாலுக்கு அடுப்பு. கல்யாண மண்டபம் தோற்றுவிடும். போதாக்குறைக்கு வெளியே யாரோ தன் காரையும் சார்ஜில் போட்டிருந்தார்.

யாரோ என்ன யாரோ, சோதிலிங்கம் மாமாதான். சிவனேசனின் தாய்மாமன். நேரம் குறித்துத் தந்தவரும் அவர்தான்.

ஹீட்டர்களையாவது நிறுத்துவோமே என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"பிள்ளை, ஒரு வீட்டு அடுப்பாலயோ நாடு இருளப்போகுது? காத்தை நம்பிக் கரண்ட் எடுத்தா இப்பிடித்தான். பால் பொங்கட்டும், பிறகு கதைப்பம்" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு வீட்டால் நாடு இருளாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்கள்? குறையுங்கள், குறையுங்கள் என்று அவர் ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் வீட்டு மீற்றரே தலைதெறிக்க ஓடினால் நான் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

நானும் ஒப்புக்குச் சிரித்தேன். பாதிப் பேருக்கு இருக்கக் கதிரை இல்லை. எடுத்துவரலாம் என்று கராஜுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது வீடு இருட்டாக இருந்தது.

"கண்டியளே, நிப்பாட்டிப்போட்டாங்கள்!" என்றார் மாமா. அந்தக் குரலில் கவலையைவிடச் சந்தோசம்தான் கூட.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரமே இல்லாமல் சீவித்த கூட்டம் அது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஆளுக்கொரு போனை எடுத்து வெளிச்சம் பிடித்தார்கள். மன்னார்க்காரி இமெல்டா என்னோடு வேலை செய்பவள். காரின் பின்பெட்டியைத் திறந்து, கடற்கரைக்குக் கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே வைத்தால் புகை அலாரம் கத்தும் என்று சிலர், வெளியே வைத்தால் பால் உறையும் என்று சிலர். ஒரு சின்னச் சண்டைக்குப் பிறகு அடுப்பு வாசற்படிக்கு வந்தது.

சேலைக்கு மேல் கோட்டும், வேட்டிக்குக் கீழ் காலுறையுமாகச் சுற்றி நின்றோம். கோவா வயல்களுக்கு மேலால் சூரியன் எட்டிப் பார்த்தது. ஏழு நாற்பத்தேழுக்குப் பால் பொங்கி வழிந்தது. பல்லுக் கிடுகிடுத்தாலும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அதே அடுப்பில் தேநீரும் ஊற்றினோம். சோறு அரைவேக்காட்டில் நின்றுவிட்டதால் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். காற்றை ஏன் நம்பக்கூடாது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாமா எல்லோருக்கும் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே அவருக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தேன்.

ஒன்பது ஐந்துக்கு சிவனேசனின் அழைப்பு வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"தப்பிச்சிட்டம், தனுஷா. சனம் சொன்னதைக் கேட்டுக் குறைச்சிருக்கு. நாடு முழுக்க ஒரு வீட்டிலயும் கரண்ட் போகேல்லை."

எனக்கும் கண் நிறைந்தது. நல்லம், சாப்பிட வாங்கோ என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிறகு கராஜுக்குப் போய், ஏழு இருபதுக்கு நானே கீழே தட்டிவிட்ட மெயின் சுவிட்சை மேலே தூக்கினேன்.

உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள். மாமா தட்டியதுதான் உரக்கக் கேட்டது.