நடு வளையம்

அறுபது பேர் வானத்தில் கைகோத்து மிதக்கும் பெரிய குதிப்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. நானூறு முறை விமானத்திலிருந்து குதித்திருந்த கோமளவல்லிக்கு வெளி வளையத்தில் இடம். போன வருடம்தான் குதிக்கத் தொடங்கிய ஷெரினுக்கு நடு வளையம். காலையில் தரையில் உருளும் சக்கரப் பலகையில் குப்புறப் படுத்து ஒத்திகை பார்த்தபோது, "ஷெரின் மாதிரி அலட்டாம இருங்க" என்று பயிற்சியாளர் அவளிடம் வேறு சொன்னார். கோமளவல்லிக்கு வயிறு எரிந்தது.

அன்று சிறு குழுவாகச் செய்த பயிற்சிக் குதிப்பில் இருவரும் அடுத்தடுத்து, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்திருந்தார்கள். பாராசூட்டை விரிக்கப் பிரியும் சைகை வந்ததும் எல்லோரும் விலகினார்கள். ஷெரினின் விரல்களும் தளர்ந்தன. கோமளவல்லி மட்டும் விடவில்லை. மூன்று நொடி, நான்கு நொடி. ஷெரின் தன் கையை உதறாமல் கோமளவல்லியின் முகத்தையே பார்த்தாள். அதன் பிறகுதான் அந்தப் பிடி விட்டது.

தரையில் பயிற்சியாளர் கொதித்துக்கொண்டிருந்தார். "உயிரோட விளையாடுறீங்களா? யாரு விடாம இருந்தது?"

"நான்தான் சார். பயந்துட்டேன்" என்றாள் ஷெரின்.

அவர் குரல் சட்டென்று இறங்கியது. "ஒத்துக்கிறதுக்கும் ஒரு தைரியம் வேணும்மா."

கோமளவல்லி பாராசூட்டை வாரிச் சுருட்டினாள். அந்தத் தப்பாவது தன் பெயரில் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.