கழுவாத கீரை

ஃபிரிட்ஜைத் திறந்ததும் அவன் முகம் மாறியது.

செய்தித்தாளில் சுற்றி அவன் வைத்திருந்த வெந்தயக்கீரைக் கட்டு, கீழ்த் தட்டின் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி டப்பா.

காலி டப்பா. அடியில் புதுத் தாள் ஒன்று மடித்துப் போடப்பட்டிருந்தது. அவ்வளவுதான்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் வரப்போகிற கீரைக்கு அவன் மனைவி காலையிலேயே இடம் பிடித்து வைத்துவிட்டாள்.

பின் தெரு மாடியில் ஓர் இளைஞன் தட்டுத் தட்டாக வளர்த்து விற்கிறான். முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி. முளைத்து இரண்டு இலை விட்டதும் கத்தரித்துக் கொடுத்துவிடுவான். மைக்ரோகிரீன்ஸ் என்று வாசலில் போர்டு தொங்கும்.

அவள் முதலில் "மாடித் தம்பி" என்றாள்.

பிறகு "சபரீஷ்" என்றாள்.

எப்போது மாறியது என்று அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான். பிடிபடவில்லை.

வீட்டில் சமையல் அவனுடையது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். முதல் முறை அவள் அந்த டப்பாவைக் கொண்டுவந்தபோது, முளைக்கீரையில் ஏதோ பொடி ரகம் என்று நினைத்துப் பாசிப்பருப்பு போட்டுக் கடைந்துவிட்டான். டப்பா நிறைய இருந்தது, சட்டியில் ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

அவனும் சிரித்தான்.

அடுத்த முறை கழுவி வைத்தான். மறுநாளே கொழகொழத்துவிட்டது. கழுவாமல் வைக்க வேண்டுமாம். அடியில் தாள் போட வேண்டுமாம். சாப்பிடும்போதுதான் அலச வேண்டுமாம்.

சபரீஷ் சொன்னதாம்.

அவன் சிரிக்கவில்லை.

கடுகுத் தளிரை அவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றபடியே வெறும் வாயில் மெல்லுவாள். காரம் மூக்கில் ஏறும். கண்ணை இறுக்கிக்கொண்டு தனக்குத்தானே சிரிப்பாள். அவன் சமைத்த எதையும் அவள் அப்படி நின்றபடி தின்றதில்லை. பொறுமையில்லாமல் தின்றதில்லை.

இன்றைக்கு நான் போகிறேன் என்றான்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

சொல்வதற்கு முன் சற்றுத் தயங்கினாளா?

படியிறங்கிப் பின் தெரு மாடி ஏறும்வரை அதையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தான்.

பச்சை வலைக்குக் கீழே சபரீஷ் கத்தரிக்கோலோடு நின்றிருந்தான். ஒல்லி. பனியனில் தேங்காய்நார்த் தூள். வந்தவன் இத்தனை நாளும் மனதுக்குள் கற்பனை செய்து வைத்திருந்த அழகில் பாதிகூட இல்லை.

அது ஆறுதலாக இல்லை.

டப்பாவைப் பார்த்ததுமே சபரீஷுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"வாங்ணா. பருப்புப் போட்டுக் கடைஞ்சது நீங்கதானுங்களே?"

அவன் காது சூடானது. வீட்டுக்குள் சிரித்த சிரிப்பு இந்த மாடிவரை ஏறி வந்திருக்கிறது.

கேட்காமலே முள்ளங்கித் தட்டை இழுத்துக்கொண்டான் சபரீஷ். உங்கள் பெயர்கூடத் தெரியாது என்றான். அக்கா வாயைத் திறந்தால் 'அவரு, அவரு'தான், பெயரைச் சொல்லமாட்டார்கள் என்றான்.

அவரு.

வெளியாளிடம் பேசும்போது அவள் அவனுக்கென்று மட்டும் வைத்திருக்கிற சொல். அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டான். கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்தத் தெம்பில் ஓரத்துத் தட்டைக் காட்டினான். வெந்தயம். அதிலும் கொஞ்சம் வெட்டச் சொன்னான்.

கத்தரிக்கோல் நின்றது.

"அக்காவுக்கு வெந்தயம் ஆகாதுங்களே. ருசி பாக்கக் குடுத்தேன், வாயில வச்சதும் ஒரு மூஞ்சியச் சுளிச்சாங்க பாருங்க."

சொன்னதோடு விடவில்லை. அந்த முகத்தைச் செய்தும் காட்டினான்.

ஞாயிறு தவறாமல் வெந்தயக்கீரை சாம்பார் வைக்கிறவன் அவன். சொந்தக்காரர்கள் அவன் கைப்பக்குவம் என்று மெச்சுவது அது ஒன்றைத்தான். அவள் இரண்டாம் முறையும் கேட்டு ஊற்றிக்கொள்வாள்.

ஒரு ஞாயிறுகூட அவள் முகம் சுளித்ததில்லை.

தன் மனைவியின் அந்த முகத்தை, இன்னொருவன் முகத்தில் அவன் முதன்முதலாகப் பார்த்தான்.

வெந்தயம் மட்டும் போதும் என்றான். டப்பா நிறைய.

சாப்பாட்டு வேளையில் ஒரு கிண்ணம் தளிரை அலசினான். அவள் தட்டில் தயிர்சாதத்தின் மேல் ஒரு பிடி அள்ளி வைத்தான்.

அவள் பார்த்தாள். பிசைந்து சாப்பிட்டாள்.

அவன் தன் தட்டைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெற்றி அசையவில்லை. உதடு கோணவில்லை.

இன்னொரு பிடி வைத்தான். அதையும் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிற அதே குரல்.

ஒரே ஒரு சுளிப்பு. அவன் கேட்டது அவ்வளவுதான். அங்கே அவள் சும்மா கொடுத்தது.

மூன்றாவது பிடியை அள்ளியபோது அவள் தட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். அப்போதும் முகம் அப்படியேதான் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அவரு சொன்னாரா?"

கையில் இருந்ததை அவன் தன் தட்டிலேயே போட்டான்.

எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தான். செய்தித்தாள் சுற்றிய கட்டை இன்னும் கொஞ்சம் மூலைக்குத் தள்ளினான். டப்பாவில் மீந்திருந்ததைக் கழுவவில்லை. தாளின் மேல் நசுங்காமல் பரப்பி, மூடி, கீழ்த் தட்டின் நடுவில் வைத்தான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை.