மூன்று முறை குளித்த பால் கவர்

காலையிலிருந்து பதினொன்றாவது தடவையாகக் கிருமி சாக நெருப்பில் வாட்டி எடுக்கப்பட்ட இடுக்கிக்கு உடம்பெல்லாம் அலுத்துப் போயிருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் மாணவி எழிலி ஒரு பழைய பால் கவரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சோப்புத் தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் காய்ச்சிய நீரிலும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தூக்குவதும் வைப்பதும் இடுக்கியின் பாடு.

கண்ணாடித் தட்டில் காய்ந்துகொண்டிருந்த ஒரு துண்டு, இன்னும் குளிக்காமல் மேஜையில் கிடந்த துண்டைப் பார்த்து முகம் சுளித்தது.

"தள்ளிப் போ. மேலே பட்டுத் தொலைக்காதே. நான் மூணு முறை குளிச்சவன்."

"நேத்து வரைக்கும் ஒரே கவர்லதானே அண்ணே ஒட்டிக்கிட்டு இருந்தோம்?"

"அது நேத்து."

இதே பேச்சை இடுக்கி காலையிலிருந்து பத்துத் துண்டுகள் பேசிக் கேட்டாகிவிட்டது. சூடு ஆறியதும் தட்டில் இருந்த அந்தத் துண்டைத் தூக்கி, கலங்கல் நீர் இருந்த குப்பிக்குள் போட்டது.

"ஐயோ, இங்கே ஒரே கிருமியா இருக்கே!"

"ஆமாப்பா," என்றது இடுக்கி. "குப்பைமேட்டு மண்ணிலிருந்து வந்தவங்க. பிளாஸ்டிக்கைத் திங்கிறாங்களான்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே."

"அப்புறம் எதுக்கு என்னை இப்படிக் குளிப்பாட்டினீங்க?"

"கத்தரிக்காயைக் கழுவாமலா சமைப்பாங்க?" என்றது இடுக்கி.

எழிலி குப்பியைத் திருகி மூடினாள். இடுக்கி மறுபடி நெருப்புக்குப் போய்வந்து, மேஜையில் கிடந்த அந்தத் தம்பியை எடுத்தது. மூன்று குளியலும் முடிந்து தட்டில் வைத்ததும், ஈரம்கூடக் காயாத அந்தத் தம்பி மேஜையில் குளிக்காமல் கிடந்த அடுத்த துண்டைப் பார்த்துச் சொன்னது:

"தள்ளிப் போ."