'ம்' கொட்ட ஆளில்லாத கதை

வெட்டும் விசையின் மேல் விரலை வைத்தபடி படத்தொகுப்பாளர் திகைத்து உட்கார்ந்திருக்கிறார். திரைச்சீலை இடுக்கில் புகுந்த மதிய வெயில் அவர் கையில் கோடாக விழுகிறது. தேநீரில் ஆடை படிந்துவிட்டது. கணினித் திரையில் பழங்குடிப் பெண் ஒருத்தி தன் குலத்தின் முதல் கதையைச் சொல்கிறாள். ஒரு வரி சொல்கிறாள், நிறுத்துகிறாள், கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ தேடுகிறாள். பிறகுதான் அடுத்த வரி வருகிறது. படம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் குறும்பட விழாவில் சேர்க்க மாட்டார்கள். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். "உங்க அத்தைக்குக் கதை மறந்துபோச்சாம்மா? தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி நிக்கிறாங்களே!" என்று கேட்கிறார். பக்கத்தில் இருக்கும் இயக்குநர், கதை சொல்பவளின் அண்ணன் மகள், சிரிக்கவில்லை. "மறக்கலண்ணே. எங்க ஆளுங்க கதை சொன்னா, கேக்கிறவங்க 'ம்' கொட்டணும். அப்பதான் மேல சொல்லுவாங்க. சவுண்டுக்காரர் மூச்சுகூட விடாதீங்கன்னுட்டாரு. எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னோம்." திரையில் அத்தை மறுபடி நிறுத்துகிறாள். இயக்குநர் தன்னையறியாமல் "ம்" என்கிறாள். அத்தையின் முகம் தெளிகிறது, கதை நகர்கிறது. போன மாதம் எடுத்த படம் அது. இன்று கொட்டிய 'ம்' அத்தைக்கு எப்படிக் கேட்டது? படத்தொகுப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டே, அத்தையின் நிறுத்தங்களைத் தொடாமல், தான் ஆசை ஆசையாகக் கோத்திருந்த மூடுபனிக் காட்சிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறார். படம் பத்து நிமிடத்துக்குள் அடங்குகிறது. மீண்டும் ஓடவிடுகிறார். அத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். பிரார்த்தனைக்கு உட்காருகிறவரைப் போல நிமிர்ந்து, அவர் மெல்ல, "ம்" என்கிறார்.