மூன்று வருடத் தூசி

“என் பொண்ணோடது. அவ போய் மூணு வருஷம் ஆச்சு. அப்புறம் யாரும் தொடல” என்றார் பெரியவர், மேசைக்கடியில் கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டி.

கடையிலிருந்து வந்திருந்த மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான்.

“நேத்து போட்டுப் பார்த்தேன். விமானம் கிளம்புற மாதிரி இரைஞ்சுது, அஞ்சே நிமிஷத்துல அணைஞ்சுது. உள்ளே அவ படமெல்லாம் இருக்கு. ஒண்ணு போனாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

பெரியவர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் தர ஆய்வாளர். எதை நீட்டினாலும் உதட்டைப் பிதுக்கித் தள்ளிவிடுவார் என்பதால் ‘தேறாது சார்’ என்றுதான் பெயர். ஓய்வு பெற்றபின் தள்ளிவிடச் சாமான் கிடைக்காமல் மனிதர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு கம்ப்யூட்டரின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தான்.

“பிடுங்கிப் போட்டதுக்கு அப்புறம் எதுக்குய்யா பட்டனை அமுக்குறே? புத்தி இருக்கா?”

“மிச்சம் நிக்கிற கரண்ட் இறங்கணும் சார்.”

“வேலை தெரியாதவனுக்குத்தான் விளக்கம் நிறைய வரும்.”

பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய்ப் பக்கக் கதவைக் கழற்றினான். உள்ளே தூசி கம்பளி மாதிரிப் படிந்து கிடந்தது.

“நீங்க உள்ளேயே இருங்க சார். தூசி பட்டா உங்களுக்கு இழுப்பு வந்துடும்.”

பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். “எனக்கு இழுப்புன்னு உனக்கு யார் சொன்னா?”

“இல்ல... வயசானவங்களுக்குப் பொதுவா...”

“எனக்கு வயசாச்சுன்னு உனக்கு யார் சொன்னா?”

அவன் பையிலிருந்து காற்றடிக்கும் ஊதுகுழாயை எடுத்தான். பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனி வாசற்படியிலேயே நின்றார்.

மெக்கானிக் தன் உடம்பில் நிற்கும் கரண்ட் இறங்கப் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, ஊதுகுழாயைத் தள்ளிப் பிடித்து விட்டுவிட்டு ஊதினான்.

“அதை எதுக்குப் பிடிச்சிருக்கே? ஓடிப்போயிடுமா?”

விரல் ஒரு கணம் தடுமாறியது. “காத்துல தாறுமாறாச் சுத்தினா கெட்டுப்போயிடும் சார்.”

“எங்கிட்ட வாக்யூம் கிளீனர் இருக்கு. ஒரே இழுப்புல முடிச்சிருப்பேன்.”

“அதுல ஸ்டாட்டிக் கரண்ட் உண்டாகும் சார். போர்டு போயிடும்.”

“பெரிய விஞ்ஞானி! அந்தச் சின்னப் பெட்டியை ஏன் திறக்கல? சோம்பேறித்தனமா?”

“அது பவர் சப்ளை. பிடுங்கி வச்சாலும் உள்ளே ஷாக் அடிக்கும். வெளியிலிருந்து ஊதினாப் போதும்.”

பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக் மென்மையான பிரஷ்ஷால் இடுக்குகளைத் துடைத்து, கதவை மூடித் திருகி, மேசைக்கே கொண்டுவந்து பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தினான்.

கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் விழித்துக்கொண்டது. திரை முழுக்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்தும் ஆயிற்று, அணையவில்லை. இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் சுதாரித்தவர் பெரியவர்தான். “பிரஷ்ஷைத் தூக்கிட்டு வந்தவனெல்லாம் மெக்கானிக். என்னத்தைச் சொல்ல!”

அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்க் குனிந்து செருப்பைத் தேடினான். “வரேன் சார்.”

பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்டையை மட்டும் செருமிக்கொண்டார்.

“அடுத்த தடவை அவளையும் கூட்டிட்டு வாங்க, மாப்பிள்ளை.”