அட்டைக்கு நீண்ட கை

யார்க்‌ஷயர் மலையடிவாரத்திலுள்ள இந்த இளைஞர் விடுதிக்கு என் தகப்பனார்தான் முதல் வார்டன். அவருக்குப் பின் நான். நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்கள் உறுப்பினர் அட்டையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். காலையில் நான் சொல்லும் வேலையை முடித்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். வேலை செய்தவரை எங்கள் குடும்பம் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

இந்த வாரம் தினமும், நான் எழுந்து வருவதற்குள் அடுக்களைத் தரை தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. அந்த வேலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அட்டை இல்லாத எவனோ திருட்டுத்தனமாகத் தங்குகிறான் என்று சந்தேகப்பட்டேன்.

ஆலை விடுமுறைக்கு பிராட்ஃபர்டிலிருந்து வந்திருந்த எட்னாவை இன்று காலை நிறுத்திக் கேட்டேன்.

"நானா? எங்க வீட்டுத் தரையையே நான் தொடமாட்டேன், வார்டன் சார். நீங்கதான் தூக்கத்துல நடந்து வந்து கழுவுறீங்களோ என்னவோ!"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"எவனை ஒளிச்சு வச்சிருக்கீங்க? ஓசியில தங்குறவனுக்கு என் விடுதியில இடம் கிடையாது."

"ஓசியா? பாவம், தரை தேய்க்கிறானே!" என்றாள் எட்னா.

அலுவலக அறையிலிருந்து உள்கூடத்துக்குத் திறக்கும் சிறிய ஜன்னல் வழியாக அட்டைகளைக் கொடுத்து எல்லோரையும் அனுப்பினேன். அட்டைகள் வைத்திருந்த பெட்டி காலியாயிற்று. வாசலைப் பூட்டிவிட்டு, கட்டில்களுக்கு அடியிலும் நிலக்கரி அறையிலும் தேடினேன். யாருமில்லை. அலுவலக அறைக்குத் திரும்பி ஜன்னலைச் சாத்தப் போனேன்.

அதன் வழியே ஒரு கை உள்ளே நீண்டிருந்தது. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். மணிக்கட்டில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை. உள்ளங்கை விரிந்து, பொறுமையாகக் காத்திருந்தது.

நான் காலிப் பெட்டியைத் துழாவிக்கொண்டே இருந்தேன்.