தாழ்போட்ட வெந்நீர்

உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதிலிருந்தே சொர்ணம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் கணேசபாண்டியன். கழுத்தளவு வெந்நீரில்.

"சுடுதண்ணியில மட்டும் ரொம்ப நேரம் உக்காராதீங்க. உங்க இருதயம் தாங்காது" என்று தாராவி டாக்டர் சொன்னபோது தலையைத் தலையை ஆட்டியவர்தான். வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன வஜ்ரேஸ்வரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டாக்டரும் மறந்துபோனார், இருதயமும் மறந்துபோனது.

அவரையும் குறை சொல்ல முடியாது. குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த ஒரு வாளித் தண்ணீரில் பாதியை மிச்சம் வைத்துக் குளித்தே பழகிய மனிதர். பலசரக்குக் கடையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இங்கேயோ, விறகும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல் பூமிக்குள்ளேயே காய்ந்த தண்ணீர், குழாய் வழியே வந்து கல்தொட்டியில் ஓயாமல் கொட்டுகிறது. பொதுக்குளத்துக் கூட்டத்தில் இடிபட வேண்டியதில்லை. ஒரு சேட்டின் விடுமுறைப் பங்களாவில் அறை எடுத்தவர்களுக்குத் தனித் தொட்டி, தனிக் கதவு, தனித் தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாள்தான் வினை.

உலகப்போர் முடிந்து, விமானக் குண்டுக்குப் பயந்து ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புத்தாளை பம்பாய் கிழித்துப் போட்டிருந்த குளிர்காலம் அது. காலை வெயிலிலும் கதவிடுக்கு வழியே ஆவி கசிந்தது. கந்தக நெடி மூக்கில் ஏறியது.

பக்கத்துத் தொட்டியறையும் தாழ் போட்டிருந்தது. அதற்குள் பக்கத்து அறையில் தங்கியிருந்த மாடத்தியின் வீட்டுக்காரர். அம்பர்நாத் ஆலையில் பீப்பாய் உருட்டுகிறவர். தேக்குமரம் மாதிரி ஆள். மாடத்தி பெஞ்சில் சம்மணம் போட்டு நிலக்கடலையை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் பழக்கம். அதற்குள் அக்கா, தங்கை.

சொர்ணம்மாள் கதவருகே போய், "ஏங்க" என்றாள்.

தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே, "ம்" என்று வந்தது.

அவள் மூச்சு விடுவதற்குள் மாடத்தி சிரித்தாள். "யக்கா, அது எங்க வீட்டுக்காரவியல்லா. நான் கூப்பிட்டேன்னு நெனச்சுட்டாவ போல. வீட்டுல நாலு மட்டம் கூப்பிட்டாலும் வாயத் தொறக்க மாட்டாவ. உங்களுக்குன்னா உடனே 'ம்'முங்காவ."

சொர்ணம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு அறைக்கும் நடுவே ஆளுயரச் சுவர்தான். அதற்கு மேலே திறந்த வெளி. ஆவியும் ஒன்று, எதிரொலியும் ஒன்று. அந்த 'ம்' எந்தத் தொட்டியிலிருந்து எழுந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

"நீ ஒரு மட்டம் கூப்பிடு, மாடத்தி."

மாடத்தி இருந்த இடத்திலிருந்தே கீச்சென்று, "ஏங்க" என்றாள்.

"ம்."

"பாத்தியளா? நாந்தான் சொன்னேன்லா." அடுத்த கடலை உடைந்தது.

சொர்ணம்மாள் கதவில் காதை வைத்தாள். மறுபடியும், "ஏங்க" என்றாள். அதே 'ம்'. அதே குரல். இரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் மட்டும்தான் பதில் சொல்கிறார்.

ஒருவர் மட்டும்.

கதவைத் தட்டினாள். குத்தினாள். தோளைக் கொடுத்து முட்டினாள். தேக்குக் கதவு அசைந்து கொடுக்கவில்லை.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள். இப்போது உதட்டைப் பிரித்தாள். தொண்டை வரை வந்த பேர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, "க..." என்று ஆரம்பித்தாள்.

தாழ்ப்பாள் விலகியது.

கணேசபாண்டியன் நின்றார். இடுப்பில் ஈரத்துண்டு, சிவந்துபோன மார்பு, முகம் நிறையச் சிரிப்பு.

"ஏன்ட்டி கதவைப் பேக்குத? ஏக்தம், ஒரேயடியா சுகம் போ. முட்டுவலி எங்க போச்சுன்னே தெரியல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து ஒரு குரல் குடுத்தா என்னவாம்?"

"குடுத்தேனே. நீ கூப்பிட்டப்பல்லாம் 'ம்'முன்னு சொன்னேனே. நடுவுல ஒரு மட்டம் கீச்சுக் குரல்ல கூப்பிட்ட பாரு, என்ன இவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சான்னு நெனச்சுட்டு, அதுக்கும் சொன்னேன்."

துண்டு நுனியை முறுக்கிப் பிழிந்துகொண்டே அவர் தங்கியிருந்த அறையைப் பார்த்து நடந்தார்.

சொர்ணம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் மாடத்தி கூப்பிட்டபோது சொன்னதும் இவர்தான்.

மெல்லத் திரும்பிப் பக்கத்துக் கதவைப் பார்த்தாள். அடியில் ஆவி கசிந்துகொண்டிருந்தது.

"மாடத்தி, உன் வீட்டுக்காரர் பேரு என்ன?"

"பேரா?" மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நம்ம வாயால எப்படிக்கா சொல்ல? திருச்செந்தூர்ல நிக்காவல்லா, அவிய பேரு."

சொர்ணம்மாள் பாய்ந்து போய் அந்தக் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். முருகன் என்றாள். வேலு என்றாள். கந்தசாமி, சுப்பையா, குமரேசன் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கடைசியில், ஆறுமுகம் என்றாள்.

"அதான்க்கா, கடேசியாச் சொன்னியளே, அதேதான்" என்றாள் மாடத்தி, வெட்கம் மாறாமல்.

உள்ளே தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.